நிற்க விடாதவர்

மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு பாட்டில். பழைய தண்ணீர் பாட்டிலின் கழுத்தை பிளேடால் அறுத்து, விளிம்பு உதட்டைக் கிழிக்காமல் இருக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பார். அதில்தான் துப்புவார். டிவி பார்த்துக்கொண்டே கையை மட்டும் கீழே விட்டு அதை எடுப்பார், துப்புவார், பார்க்காமலே திரும்ப வைத்துவிடுவார். செங்காவி நிறத்தில் நுரை கட்டி நிற்கும். அதன் நாற்றத்தை எழுதிக் காட்ட எனக்கு விருப்பமில்லை.

காலையில் அத்தை அதை எடுத்துப்போய் பாத்திரம் கழுவும் மோரியில் கொட்டிக் கழுவுவாள். அத்தை வந்தவாசிப் பக்கம் ஊருக்குப் போகிற நாட்களில் அந்த வேலையை நான் செய்வேன் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "ஆஸ்பத்திரி சதையெல்லாம் கையால எடுத்து அறுக்கறவ, இதுக்குப் போய் மூஞ்ச சுளிக்கறா பாரு" என்றாள் அம்மா. அவள் சொன்னதில் தப்பில்லை. பூனாவில், ஹடப்சரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. ஆபரேஷனில் எடுத்த சதைத்துண்டுகள் டப்பாவில் வரும். அவற்றை மெழுகில் பதித்து, மெல்லிய ஏடாக வெட்டி, சாயம் ஏற்றி, டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்குக் கண்ணாடித்தகட்டில் ஒட்டிக் கொடுப்பேன். அழுகிய பித்தப்பை, சீழ் கட்டிய குடல்வால், எதைத் தொட்டும் எனக்குக் குமட்டியதில்லை. மாமாவின் பாட்டில் குமட்டியது. மாமாவே குமட்டினார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி; அத்தை அவர் மனைவி. அப்பா ரிடையராகி கட்கி குவார்ட்டர்ஸைக் காலிசெய்த பிறகு, நாங்கள் போபோடியில் மாமா வீட்டு மாடியில் வந்து ஒண்டிக்கொண்டோம். அதனால் தப்பிக்க வழியில்லாமல் அவரைப் பல வருஷம் பார்த்தேன்.

அவர் போட்டது மாவா. பாக்குச் சீவலையும் புகையிலையையும் சுண்ணாம்போடு சேர்த்து, பிளாஸ்டிக் தாளில் வைத்துத் தேய்த்து, ரப்பர்பேண்ட் மாட்டிக் கொடுப்பார்கள். பூனாவில் டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பான்கடை இல்லாத சந்து கிடையாது. காலையில் பல் தேய்த்ததும் ஒன்று. அதை இடது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொண்டுதான் கம்பெனி பஸ் ஏறுவார். நகர் ரோட்டில் ரஞ்சன்காவ் போய்ச் சேரும்வரை ஜன்னல் வழியாகத் துப்பிக்கொண்டே போவாராம். பின்சீட்டுக்காரர்கள் ஜன்னலை மூடிக்கொள்வார்களாம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சிரிக்கும்போது பல்லைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் எங்கள் சந்தில் அவருக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் இருந்ததில்லை. எந்த வீட்டில் ஃபியூஸ் போனாலும் "அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவார்கள். மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புவார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, எரிந்துபோன மெல்லிய கம்பியை ஊதித் தள்ளுவார். அதன் இடத்தில் தடிமனான செப்புக் கம்பியை வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு முறுக்கு முறுக்குவார். அந்த முறுக்கு அவருடைய கையெழுத்து மாதிரி. இரண்டு விரலும் கம்பியில் பட்டதும் மணிக்கட்டு தானாகத் திரும்பும்.

"இனிமே எரியாது, ஓடட்டும்" என்பார்.

எரியாதுதான். மெல்லிய கம்பி எரிவது வீடு எரியாமல் இருக்க. அதற்குப் பதில் கம்பம்போல ஒன்றை வைத்தால் அது ஏன் எரியப் போகிறது? கோடி வீட்டில் ஒருநாள் ஸ்விட்ச்போர்டு உருகிச் சுவரெல்லாம் கரியானது. மாமா போய்ப் பார்த்துவிட்டு, போர்டு மட்டமான சரக்கு என்று சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள். அடுத்தமுறை ஃபியூஸ் போனபோதும் இவரைத்தான் கூப்பிட்டார்கள்.

நின்றுபோன எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மிக்ஸி சூடாகி நின்றால் அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனைத் தீக்குச்சியால் அடைத்துவிடுவார். மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த ஒரு மிதவை உண்டு. அது அடிக்கடி மக்கர் செய்கிறது என்று அதன் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டார். மோட்டாரைக் கையால் அணைக்க மறந்துவிட்டால் தண்ணீர் மாடிப்படி வழியாக இறங்கி எங்கள் பாயை நனைக்கும். "தண்ணி வரலன்னாதானே கஷ்டம், வந்தா இன்னா?" என்பார்.

ரஞ்சன்காவ் கம்பெனியில் அவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். வண்டிகளுக்கான தகட்டு உதிரிபாகங்களை அமுக்கி எடுக்கும் பிரஸ்கள் அங்கே வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் ஓடிக்கொண்டிருக்கும். லைட் கர்ட்டன் என்று சொல்வார்கள். கை அதைத் தாண்டி உள்ளே போனால் பிரஸ் அந்த நொடியே நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கு படிந்துவிட்டால் கை போகாமலே நிற்கும். உடனே சூபர்வைசர் மாமாவைக் கூப்பிடுவார். துடைத்துச் சரிசெய்ய நேரமாகும். மாமா ஒரு சாண் வயரை எடுத்து இரண்டு முனைகளை இணைத்துவிடுவார். இதற்குப் பெயர் ஜம்பர். ஜம்பர் போட்டபிறகு லைட் கர்ட்டன் என்ன கத்தினாலும் மிஷின் காதில் விழாது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி ஓடிக்கொண்டே இருக்கும்.

இதற்காகக் கம்பெனி அவரை மேடையேற்றியது. ஷால் போர்த்தி, தேங்காய் கொடுத்தார்கள். "நான் இருக்கற ஷிஃப்ட்ல மிஷின் பந்த் ஆவாது" என்று அந்த ஷாலைப் போர்த்திக்கொண்டு சந்து முழுக்க நடந்தார். ஒரு வாரத்தில் அதன் ஓரத்தில் செங்காவிக் கறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நல்ல மூடில் இருந்தார் போலிருக்கிறது.

"அப்பிடி இன்னாதான் பாப்பா பாக்கறாங்கோ, ஒங்க கண்ணாடியில?"

அவரோடு பேசவே எனக்குப் பிடிக்காது. ஆனால் என் வேலையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. சொன்னேன்.

உடம்பில் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒன்று இரண்டாகும். கன்னத்தின் உட்புறத்தையே எடுத்துக்கொண்டால், அடியில் இருக்கும் செல் பிரிந்து மேலே மேலே தள்ளிக்கொண்டு வரும், மேலே இருப்பது உதிரும். தேவைக்குமேல் ஒன்றும் பிரியாது. பிரியலாம் என்று வெளியிலிருந்து சேதி வரவேண்டும். பக்கத்துச் செல்லோடு உரசினால், இடமில்லை என்று நின்றுகொள்ளும். வழியில் சோதனைச்சாவடிகள் உண்டு. போதுமான அளவு வளர்ந்திருக்கிறதா, உள்ளே இருக்கும் டி.என்.ஏ. அறுபடாமல் இருக்கிறதா, அதைப் பிரதி எடுத்து முடித்தாயிற்றா, இரண்டு பாதிக்கும் சமமாகப் பிரித்து இழுக்கக் கயிறுகள் மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திப் பார்க்கும். இதற்கென்றே புரதங்கள் இருக்கின்றன. பி53 என்று ஒன்று. டி.என்.ஏ. அறுந்திருந்தால் அது செல்லை அங்கேயே பிடித்து நிறுத்தும். பழுதுபார்க்க அவகாசம் கொடுக்கும். பழுதுபார்க்க முடியாது என்றால் அந்தச் செல் தானே செத்துப்போகும்படி செய்துவிடும்.

மாமா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"லைட் கர்ட்டன்."

"ஆமா."

"அது கெட்டுப்போச்சுன்னா?"

"நிக்க வேண்டிய செல்லு நிக்காது. அறுந்த டி.என்.ஏ.வோடவே ரெண்டாவும், நாலாவும். பக்கத்துல இடம் இருக்கா இல்லையான்னு பாக்காது. அதான் கேன்சர்."

"அப்ப ஜம்பர் போட்ட செல்லுன்னு சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயிற்சிக்கு வந்த எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், இவ்வளவு சுருக்காகப் பிடித்துக்கொண்டவர் யாருமில்லை. இந்த ஆளுக்கு நல்ல புத்தி ஏறும் நாள் வந்துவிட்டது என்று முட்டாள்தனமாக நினைத்துக்கொண்டு, மேலே சொன்னேன். பாக்கும் புகையிலையும் செல்லுக்குள் போய் டி.என்.ஏ.வை அறுக்கும், ஒரே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தால் அதே செல்கள் மறுபடி மறுபடி அடிபடும் என்றேன்.

"ஒரு அடி பட்டா கேன்சரா?"

"இல்ல. ஒண்ணு கெட்டா இன்னொண்ணு புடிச்சுக்கும். பல மரபணு ஒண்ணு மேல ஒண்ணு கெடணும். அதுக்கு வருஷக்கணக்காவும்."

முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, நீயே சொல்லிட்ட. ஒண்ணு ரெண்டுக்கெல்லாம் ஒன்னும் ஆவாது. ஓடட்டும்" என்று சட்டைப்பையிலிருந்து மாவாப் பொட்டலத்தை எடுத்தார். நான் சொன்னதை எடுத்துக்கொண்டு, என் கண்ணெதிரிலேயே வாயில் போட்டுக்கொண்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

பிறகு அந்த விபத்து. அதைப் பற்றி அவர் வீட்டில் எப்படிச் சொன்னார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னைக்கு நாந்தேட்காரன் கை போச்சு" என்றார். நாந்தேட் பக்கத்திலிருந்து வந்து ஒப்பந்த வேலையில் பிரஸ் ஓட்டிய ஆள். மாமாவோடு ஒரே பஸ்ஸில் வருவார். எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை வந்திருக்கிறார். தகடு உள்ளே கோணலாக உட்கார்ந்துவிட்டது என்று இடது கையை விட்டிருக்கிறார். பிரஸ் இறங்கிவிட்டது. நடுவிலிருக்கும் மூன்று விரல்கள்.

"கர்ட்டன் நிறுத்தலையா?" என்று கேட்டேன்.

"ஜம்பர் இருந்துச்சு. ஆனா என் ஜம்பர் மட்டும்னா ஒன்னும் ஆயிருக்காது பாப்பா. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுக்குனாதான் பிரஸ் எறங்கும். அதுல ஒண்ண எவனோ டேப் போட்டு அமுக்கி வெச்சிருக்கான். பிரேக்கும் தேஞ்சிருந்துச்சு. எல்லாம் சேந்துதான்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, சேஃப்டி ஆபீசர் வர்றதுக்குள்ள நான் ஓடிப்போய் வயரப் புடுங்கிட்டேன்."

"அவர் கைய வெளிய எடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ரசத்தை ஊற்றச் சொல்லி அத்தையிடம் தட்டை நீட்டினார். அத்தையும் ஊற்றினாள். நான் தட்டோடு எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். அந்தக் கூடத்தில் அவர் எதிரில் உட்கார்ந்து மறுபடி நான் சாப்பிட்டதில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் ஆள் கவனக்குறைவாகக் கையை விட்டான் என்று விசாரணையில் முடிவானது. நாந்தேட்காரரை வேலையை விட்டு அனுப்பினார்கள். "போய்ச் சொல்லுங்க மாமா" என்று நான் சண்டை போட்டேன். "நீ ஒன் கண்ணாடியப் பாரு" என்றார். நானே கம்பெனிக்குப் போன் செய்து, அந்த மிஷினில் ஜம்பர் இருந்தது என்று சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் மிகவும் மரியாதையாக, "மேடம், என்கொயரி க்ளோஸ் ஆயிடுச்சு" என்று வைத்துவிட்டார். இரண்டாம் தடவை எடுக்கவில்லை. மாமா ஒருவர்தான் அப்படி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த வருஷ மழையில்தான் அவர் வாயில் வெள்ளைப் படலத்தைப் பார்த்தேன். எதற்கோ வாயைத் திறந்து சிரித்தார். இடது கன்னத்தின் உள்ளே, மாவா வைக்கிற அதே இடத்தில், பால் காய்ந்ததுபோல இருந்தது. அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு புண்.

"மாமா, அதை டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒரு சின்ன துண்டு எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும். இப்பவே பாத்தா சின்ன ஆபரேஷனோட போயிடும்."

"சூடு பாப்பா."

"எத்தன நாளா இருக்கு?"

"வரும் போவும். வலிச்சா இந்தப் பக்கம் மாத்திக்குவேன்."

அவர் பிடிவாதம் எனக்குத் தெரியும், என் பிடிவாதம் அவருக்குத் தெரியாது. பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். படியில் எதிர்ப்பட்டால் கேட்டேன், பஸ் ஸ்டாப்பில் கம்பெனி ஆட்கள் எதிரில் கேட்டேன். அவர்மேல் எனக்குப் பாசம் பொங்கி வழியவில்லை. அந்தப் புண் எங்கே போய் முடியும் என்று தினமும் கண்ணாடித்தகட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறவளால் சும்மா இருக்க முடியவில்லை. மாமா அதற்கும் வழி கண்டுபிடித்தார். மெடிக்கல் கடையில் மரத்துப்போகிற ஜெல் ஒன்றை வாங்கி, விரலால் எடுத்துப் புண்ணில் தடவிக்கொண்டு, அதன்மேல் மாவாவை வைத்தார். "வலியே இல்ல பாரு" என்று எனக்கு வாயைத் திறந்து காட்டினார்.

உடம்பு கத்திக்கொண்டிருந்தது. அதன் வாய்க்கும் ஜம்பர் போட்டுவிட்டார்.

கொஞ்ச நாளில் வாய் திறப்பது குறைந்தது. பாக்கு அப்படித்தான் செய்யும், கன்னத்தின் உட்புறம் நார் நாராக இறுகிவிடும். வடாபாவைத் தட்டி அமுக்கித் தட்டையாக்கித் தின்றார். பிறகு சப்பாத்தியைக் கிழித்துத் திணித்தார். பேசும்போது எச்சில் ஒழுகியது. நாற்றம் எப்படியாகிவிட்டது என்றால், அத்தை பாயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். புண்ணின் நாற்றம் புகையிலை நாற்றத்தை மீறிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள். அதற்கெல்லாம் அவர் அசையவில்லை. வலி அவரை டாக்டரிடம் அனுப்பவில்லை, அத்தையின் அழுகை அனுப்பவில்லை, நான் போட்ட கூச்சலும் அனுப்பவில்லை. ஒருநாள் காலையில் மாவா வாய்க்குள் போகவில்லை. விரலோடு சேர்த்துத் தள்ளியும் போகவில்லை. அன்றைக்குத்தான், "பாப்பா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று படியேறி வந்தார்.

டாக்டர் மாமாவின் விரல்களையே அவர் வாய்க்குள் நெட்டுக்குத்தாக வைத்துப் பார்க்கச் சொன்னார். மூன்று விரல் நுழைய வேண்டும். ஒன்று நுழைந்தது. ஊசி போட்டு ஒரு துண்டு எடுத்தார்கள். அது எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கே வந்தது. நானே வெட்டினேன், நானே சாயம் ஏற்றினேன். டாக்டரிடம் கொடுக்கும் முன் மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்துப் பார்த்தேன்.

ஒழுங்கான கன்னத்தில் அடிவரிசைச் செல்கள் செங்கல் அடுக்கியதுபோல நிற்கும். இங்கே வரிசையே இல்லை. மேலே வந்து உதிர வேண்டியவை கீழே தசைக்குள் தோண்டிக்கொண்டு இறங்கியிருந்தன. தங்களுக்கென்று புதிய ரத்தக்குழாய்களை இழுத்து வைத்திருந்தன. எங்கு பார்த்தாலும் பிரிந்துகொண்டிருந்தன. ஒரு செல்லைப் பார்த்தேன். குரோமோசோம்களை இரண்டு பக்கம் சமமாக இழுக்க வேண்டிய கயிறுகள் மூன்று பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. கயிறு சரியாக மாட்டவில்லை, நில் என்று சொல்ல அங்கே யாருமில்லை. கோணல் மாணலாக, கந்தலாக, அதுவும் பிரியத்தான் போகிறது. அதன் முகத்தில் மாமாவின் சிரிப்பு இருந்ததுபோல எனக்குத் தோன்றியது. வேலையில் எனக்குக் குமட்டியது அந்த ஒருநாள்தான். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அழுதேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

கன்னத்தை எடுத்தார்கள். தாடையில் ஒரு பக்கம் போனது, நாக்கிலும் ஒரு பாகம் போனது. பள்ளத்தை அடைக்க நெஞ்சிலிருந்து தோலோடு சதையை எடுத்து வாய்க்குள் வைத்துத் தைத்தார்கள். சில வாரங்களில் வாய்க்குள் முடி வளர ஆரம்பித்தது. நெஞ்சுத் தோல் அல்லவா, அது இடம் மாறியது தெரியாமல் தன் வேலையைச் செய்தது. அத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். பேச முயன்றால் காற்றுதான் வந்தது. எச்சில் நிற்காமல் ஒழுகியது. கம்பெனி போர்த்திய ஷாலை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அதில் துடைத்துக்கொண்டே இருப்பார். கட்டிலுக்கு அடியில் பாட்டில் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் கழுத்தில் புற்று மறுபடி வந்து, போய்விட்டார். அதை எழுதப் போவதில்லை. கதிர்வீச்சுக்கு, அதாவது கரண்ட் வைக்க, ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்குவதற்கு முன்பு, ஒருநாள் மத்தியானம் நாந்தேட்காரர் வந்தார். அதோடு முடித்துக்கொள்கிறேன்.

கையில் மோசம்பிப் பை, நம்மூர் சாத்துக்குடிதான். பழைய பஸ் சிநேகிதர்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஹடப்சரில் ஒரு குடியிருப்பில் இப்போது வாட்ச்மேனாக இருக்கிறாராம். கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, இந்தியில், "எப்படி இருக்கீங்க அண்ணா?" என்றார். இடது கையை மடியில் வைத்திருந்தார். மாமா அந்தக் கையையே பார்த்தார்.

பிறகு தன் வலது கையை உயர்த்தினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன. மணிக்கட்டு திரும்பியது. அதே முறுக்கு. ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. அப்புறம் அந்த இரண்டு விரலையும் தன் நெஞ்சில் வைத்துக் குத்திக் காட்டினார். பிறகு எதையோ வெடுக்கென்று பிடுங்குவதுபோல இழுத்தார். கண்ணிலிருந்தும் வாயிலிருந்தும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இவர் என்ன சொல்றார்?" என்று நாந்தேட்காரர் என்னைக் கேட்டார்.

சமையலறை வாசலில் நின்ற அத்தை தமிழில் சொன்னாள். "தண்ணி கேக்கறாருன்னு சொல்லிடு. எல்லாம் முடிஞ்சிப்போச்சு, எதுக்கு இப்போ."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினார். சொல் என்றுதான் அதற்கு அர்த்தம். வேறு அர்த்தம் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

"லைட் கர்ட்டனுக்கு ஜம்பர் போட்டது நான்தான்னு சொல்றார். கை உள்ள போனாலும் பிரஸ் நிக்காதுன்னு அவருக்குத் தெரியும். உங்க கை அடிபட்டதும் அந்த வயரைப் பிடுங்கிட்டு, யார்கிட்டயும் சொல்லல. அதனாலதான் தப்பு உங்க பேர்ல போச்சு."

இந்தியில் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"தெரியும்" என்றார் அவர். "அந்த வயர நானும் பாத்தேன். அன்னைக்குக் காலையிலயே பாத்தேன். எல்லாருமே பாத்திருப்போம். நின்னா டார்கெட் போயிடும்ல."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சத்தம் போட்டிருக்கலாம், அந்த மோசம்பியை மாமா தலையில் விட்டெறிந்திருக்கலாம். சங்கடமாக உட்கார்ந்திருந்தவர், இம்மாதிரி நேரத்தில் எல்லா ஆண்களும் செய்வதைத்தான் செய்தார். சட்டைப்பையிலிருந்து டப்பியை எடுத்தார். நடுவில் விரல்கள் இல்லாத இடது உள்ளங்கையில் புகையிலையைக் கொட்டி, சுண்ணாம்பு வைத்து, வலது கட்டைவிரலால் தேய்த்தார். தட்டி ஊதினார். புகையிலை தேய்ப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டாமல் தான் மட்டும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். பஸ்ஸில் எத்தனை வருஷம் மாமாவுக்கு நீட்டியிருப்பாரோ, கை பழக்கத்தில் தானாக நீண்டது.

மாமாவின் கை போனது. அந்த விநாடியில் நான் அவரை வெறுத்ததுபோல யாரையும் வெறுத்ததில்லை. எடுக்கட்டும், அந்த முடி முளைத்த வாய்க்குள் வைத்துக்கொள்ளட்டும், நான் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை என்று நின்றேன்.

விரல்கள் புகையிலைக்கு மேலே வந்து நின்றன. அப்படியே நின்றன. பிறகு தன் கையால் நாந்தேட்காரரின் உள்ளங்கையை மூடப் பார்த்தார். வேண்டாம் என்று, எனக்கும் வேண்டாம் உனக்கும் வேண்டாம் என்று. மூடுவதற்கு அந்தக் கையின் நடுவில் விரல்கள் இல்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து அழுத்தினார். நடுவிலிருந்த இடைவெளி வழியாகத் தூளெல்லாம் தரையில் கொட்டியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா கையை விடவில்லை.

"விடுங்க, நான் பெருக்கறேன்" என்று அத்தை துடைப்பத்தோடு வந்தாள்.

துடைப்பத்தை அவள் கையிலிருந்து வாங்கி, நானே பெருக்கினேன்.